ஒருவகை மீன்: குற்றாலக் குறவஞ்சியும் நீர்நிலை வழக்குகளும்

நீரையும் மீனையும் மலையையும் காக்க வேண்டி நீதிமன்றங்களை நாடுவோர் தொகை அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அங்ஙனம் நாடுவோரும், அவர்தம் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவோரும், தமிழ் இலக்கியத்தை மேற்கோளாக ஆள விரும்புகின்றனர். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் நீர் பற்றிய பேச்சுக்களிலும் எழுத்துக்களிலும் இடம்பெறாத நாள் அரிது. ஐந்திணைப் பாகுபாடே சூழலியல் அறிவு என்று சொல்லும் வழக்கும் பரவி வருகின்றது. தமிழ் பயின்றோர்க்கு இது மகிழ்ச்சி தருவதே. ஆயினும் மகிழ்ச்சியோடு ஒரு வினாவும் எழுதல் வேண்டும். ஓர் இலக்கிய நூல் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது? இவ்வினாவுக்கு விடை காணுதல் வழக்கறிஞர் கடமை அன்று, நம் கடமை. அதனைத் தென்காசி, குற்றாலம் என்னும் இரண்டு ஊர்களைச் சார்ந்த இரண்டு பனுவல்களைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம். ஒன்று திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி. மற்றொன்று தென்காசிக் கோபுரத்தில் பராக்கிரம பாண்டியன் பெயரால் பொறிக்கப்பெற்ற செய்யுட்கள்.

இவ்வூர்களைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் ஆணை பிறப்பித்தது. தென்காசி, குற்றாலம் உள்ளிட்ட பகுதிகளில் இயற்கை நீரோட்டத்தின் போக்கை மாற்றித் தம் விடுதிக்குள் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட தனியார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அருவியில் எண்ணெயும் சவர்க்காரமும் சீயக்காயும் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஆணைகள் அதற்கு முன்னரே அந்நீதிமன்றத்தில் பிறந்திருந்தன. அருவியில் நீராடுவார் தலையில் தேய்க்கும் எண்ணெய் சிற்றாற்றின் வழியே சென்று தாமிரபரணியை அடைகின்றது. அதன் வழியில் மீன் உண்டு, வயல் உண்டு, குடிநீர் எடுக்கும் ஊர் உண்டு. இவை அனைத்தும் ஒரே நீர். ஆனால் போக்கு மாற்றப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டுமாயின், மாறுவதற்கு முன் அந்நீர் எங்கே ஓடிற்று என்று காட்டுதல் வேண்டும். இங்கேதான் பழைய ஏடுகள் வழக்கினுள் நுழைகின்றன.

குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். கற்றோர், கல்லாதார் இருசாரார்க்கும் அந்நூலில் மிகவும் அறிமுகமான பகுதி குறத்தி மலைவளம் கூறும் பகுதி. குரங்கும் கனியும் தேனும் அருவியும் அமைந்த அப்பாடலைப் பள்ளிச் சிறுவரும் மனப்பாடமாகச் சொல்லுவர். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையைத் துய்த்துக் காட்டும் தம் முறையினால் அந்தச் சுவையை ஒரு தலைமுறைக்கு ஊட்டினார். அதற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அப்பகுதி சான்றாதற்கு உரியதோ எனின், அன்று என்பதே நம் கருத்து. மலைவளம் கூறுதல் குறவஞ்சி என்னும் இலக்கிய வகையின் உறுப்பு. எந்தக் குறவஞ்சியிலும் மலை வளமுடையதாகவே இருக்கும். எந்தக் குறத்தியும் தன் மலையை வறண்டது என்று பாடாள். பாட்டுடைத் தலைவனுடைய மலையில் அருவி குறைந்தது என்று பாடினால் அது வசைப்பாட்டாய் முடியும். ஆகவே 18-ஆம் நூற்றாண்டில் குற்றால மலையில் நீர் இத்துணை இருந்தது, இன்று இத்துணை குறைந்தது என்று அப்பாடலைக் காட்டி வாதிடுவார், மரபை வரலாறாகக் கொள்ளும் பிழையைச் செய்கின்றனர். எதிர்வழக்காடுவோர் நூலறிவு உடையவராயின் அவ்வாதத்தை ஒரு நொடியில் தகர்த்துவிடுவர். அவ்வாறு தகர்க்கப்படுமிடத்து இழப்பு அப்பாட்டுக்கு மட்டும் அன்று, வழக்குக்கும் ஆம்.

இன்னும் ஒன்று. குறவஞ்சியை இயற்கைக் காப்பு நூலாகக் காட்ட முயல்வார் அதன் பிற்பகுதியைப் படிப்பதில்லை போலும். அப்பகுதியின் தலைவன் சிங்கன் பறவை பிடிப்பவன். நூவன் என்னும் துணைவனோடு வந்து கண்ணி வைக்கின்றான். காடையும் கம்புளும் மயிலும் கொக்குத் திரளும் வரவரக் கண்டு அவன் மகிழ்வது அவற்றின் அழகு கருதியன்று, கறி கருதி. சிங்கியின் நினைவு அவனைத் தொழிலில் ஊன்றவிடாமல் அலைக்கழிப்பதே அப்பகுதியின் நகைச்சுவை. இவனைக் காட்டுயிர்ப் பாதுகாவலனாக எந்த மன்றத்திலும் நிறுத்த இயலாது. சங்கப் பாடல்களுக்கும் இது பொருந்தும். நெய்தற் பாடல்களில் வரும் பரதவர் மிகுதியாக மீன் பிடிக்கின்றனர், மணலில் உலர்த்துகின்றனர், புள்ளோப்புகின்றனர். சுறா எறிந்த புண் ஆறியவுடன் தந்தை மீண்டும் கடலுக்குச் செல்லும் செய்தி குறுந்தொகையில் உண்டு. அங்கே வறுமை உண்டு, துணிவு உண்டு, காதல் உண்டு. இவ்வளவு பிடித்தால் போதும் என்னும் கட்டுப்பாடு பேசப்படுவதாகத் தெரியவில்லை. அன்று அது பேச வேண்டிய பொருளாக இருந்திராது. வலையும் தோணியும் கடலை வெல்ல முடியாத காலத்தில் கட்டுப்பாட்டைக் கடலே செய்தது.

அங்ஙனமாயின் குறவஞ்சி ஒன்றற்கும் சான்றாகாதோ? ஆகும். ஆனால் நாம் பாராட்டும் இடத்தில் அன்று, நாம் தாண்டிச் செல்லும் இடத்தில். பறவைகள் எங்கெங்கே இறங்கி மேய்கின்றன என்று சிங்கன் சொல்லும்போது கவிராயர் வயல்களையும் நீர்நிலைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகின்றார். பேரி என்று முடியும் பெயர்கள், பற்று என்று முடியும் பெயர்கள், மேடு என்று முடியும் பெயர்கள், கால்வாய்ப் பெயர்கள் ஆகியவை அங்கே தொடர்ந்து வருகின்றன. சுவை நாடுவார்க்கு இப்பகுதி சலிப்பூட்டும். வகுப்பில் இதனை விரைந்து படித்து முடிப்பதே வழக்கம். மாணவனாயிருந்த காலத்தில் யானும் அவ்வாறே கடந்து போனேன். ஆனால் மரபு இவ்விடத்தில் கவிஞனைக் கட்டாயப்படுத்தவில்லை. குறவஞ்சி இலக்கணம் இன்ன குளத்தின் பெயரைச் சொல்லுக என்று விதிக்கவில்லை. கேட்போர் அவ்வூரார், பெயர் தவறினால் அவர்கள் சிரிப்பர். ஆகவே இப்பட்டியல் மெய்யான நிலத்தை நோக்கியது என்று கொள்ளுதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரு பாடலில் எப்பகுதி மரபால் வந்தது, எப்பகுதி மரபு கேட்காமலே வந்தது என்று பிரித்தறிதலே சான்றாய்வின் முதற்படி என்க.

பேரி என்னும் சொல் பெரிய ஏரி என்பதன் மரூஉ. பற்று என்பது நில உரிமை பற்றிய சொல். இவ்விரண்டும் அடுத்தடுத்து வருமிடத்து நீர்நிலையும் அதன் பாசனம் பெறும் நிலமும் சேர்ந்தே குறிக்கப்படுகின்றன என்று கொள்ளலாம். இன்றைய நில அளவைப் பதிவேட்டிலும் ஊர் வரைபடத்திலும் இப்பெயர்களுள் எவை எஞ்சியுள்ளன, எவை வீட்டுமனையாகிவிட்டன என்று ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு முதுகலை மாணவர் ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய பணி. இக்கவிராயர்க்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்பர். நிலப்பெயர்களைப் பாட்டில் வைத்தவரின் பாட்டே நிலத்துக்குப் பெயராயிற்று.

இப்பட்டியலுக்குச் சட்டத்தை ஒட்டிய வேறொரு சிறப்பும் உண்டு. பறவைகள் இறங்கும் அந்நிலங்கள் குற்றாலநாதர் கோயிலைச் சார்ந்தவை. கோயிலில் எழுந்தருளியுள்ள தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். சொத்துடைமை கொள்ளவும் வழக்காடவும் உரிமை உள்ள நபர். இக்கொள்கையை 1925-ஆம் ஆண்டிலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தாக் குடும்ப வழக்கில் தெளிவாக ஏற்றது. ஆற்றையும் மலையையும் சட்ட நபராகக் கொள்ளலாம் என்று இன்று சிலர் கூறும்போது பலர் வியப்படைகின்றனர். நியூசிலாந்தில் 2017-இல் வாங்கனூயி ஆற்றுக்கு அத்தகுதி சட்டத்தினால் தரப்பட்டது. அதே ஆண்டு கங்கைக்கும் யமுனைக்கும் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் அத்தகுதியை வழங்க, உச்ச நீதிமன்றம் சில திங்களுக்குள் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் மதுரைக் கிளையின் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, மேகமலை வனநிலம் பற்றிய வழக்கில், இயற்கை அன்னையை உயிருள்ள நபராக அறிவித்து அதற்கு உரிமைகள் உண்டு என்று எழுதினார். இலக்கணம் பயின்றோர் இதனை உருவகம் என்பர். உயிரில்லதை உயிருடையதாகப் பேசுதல் நம் செய்யுளுக்குப் புதிதன்று. ஆனால் செய்யுளில் உருவகம் கருத்தை விளக்குவதோடு நின்றுவிடும். சட்டத்தில் உருவகம் ஒருவரைக் கட்டுப்படுத்தும். ஆற்றின் சார்பில் பேசுவார் யார், ஆறு பெருகி வீட்டை அழித்தால் அதன் மேல் வழக்குத் தொடுக்கலாமோ என்னும் வினாக்கள் உடனே எழும். கங்கைத் தீர்ப்பு நிற்காமற் போனதும் இத்தகைய இடர்ப்பாடுகளால்தான். தெய்வத்துக்குத் தருமகர்த்தா உளர், கணக்கு உண்டு, எல்லைக்கல் உண்டு. ஆகவே அங்கே உருவகம் நின்றது. இயற்கை அன்னை என்னும் உருவகத்துக்கு இன்னும் எல்லைக்கல் நடப்படவில்லை.

இனி மீனுக்கு வருவோம். உள்நாட்டு மீன்வளம் பற்றி இந்தியாவில் எழுந்த முதற் பொதுச் சட்டம் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். பிரான்சிசு டே என்னும் மருத்துவர் 1873-இல் நன்னீர் மீன்கள் பற்றி அளித்த அறிக்கையும், சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர் எச். எஸ். தாமசு போன்றோர் எழுதியவையும் அதற்கு முன்னோடிகள். சிறு குஞ்சுகளையும் விடாமல் அரித்தெடுத்தலையும் நீரில் நஞ்சு கலத்தலையும் அவர்கள் கண்டித்தனர். அச்சட்டம் வெடி வைத்து மீன் கொல்லுதலையும் நஞ்சிட்டுக் கொல்லுதலையும் குற்றமாக்கிற்று. தண்டனை இரண்டு திங்கள் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். குறித்த நீர்நிலைகளில் வலையின் கண்ணளவை வரையறுக்கவும், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத காலம் மீன்பிடித்தலை முற்றிலும் நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1907-இல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு உருவாயிற்று. சட்டத்தின் நோக்கம் நன்று. ஆனால் அதன் நடையைக் காண்க: மீனை அது ஒரு பொதுப்பெயராகவே அறியும். எந்த மீன் என்று கேட்பதில்லை.

நம் பழைய ஆவணங்களின் நோக்கு வேறு. கல்வெட்டுக்களில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் வருவாய்ப் பெயர்கள் பயில்கின்றன. குளத்து மீனைப் பிடிக்கும் உரிமைக்காகக் கொடுக்கப்பெறும் பாட்டத்தொகையை இவை குறிக்கும். நெல்லைச் சீமையில் இன்றும் மீன்பாசிக் குத்தகை என்று சொல்லக் கேட்கலாம். பாசிப்பாட்டம் என்னும் சொல்லின் உயிர் அதில் தங்கியிருக்கின்றது. குளத்தின் மீன்வருவாயை அக்குளத்தின் பராமரிப்புக்கே ஒதுக்கிய செய்தியும் கல்வெட்டுக்களில் காணப்படுகின்றது. இது கருதற்பாலது. மீனால் வந்த பொருள் வேறெங்கும் போகாமல் மீன் வாழும் நீருக்கே திரும்புகின்றது. வளங்குன்றா மீன்பிடிப்பு என்று இன்று பெயரிட்டுப் பேசுவதன் ஒரு கூறு இங்கே கணக்கு வழக்காகவே அமைந்துள்ளது. இதனை நெய்தற் பாட்டில் தேடிப் பயனில்லை. வரிப்பெயரில் தேட வேண்டும். முன்னோர் இயற்கையை நேசித்தனர் என்று பொதுவாகச் சொல்வதினும், முன்னோர் மீன் வருவாயை இன்ன தலைப்பில் வரவு வைத்து இன்ன செலவுக்கு ஒதுக்கினர் என்று காட்டுவது ஒரு நீதிமன்றத்தில் பன்மடங்கு வலிமை உடையது. இன்றைய குத்தகை ஏலத்தின் நெறிகளைத் திருத்த விரும்புவார்க்கும் அது முன்னுதாரணமாகும்.

மீன்களின் பெயர்களில் நம் துறை செய்திருக்கும் தீங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியுள்ளது. நம் உரைகளையும் அகராதிகளையும் புரட்டினால் ஒருவகை மீன், ஒருவகைப் பறவை, ஒருவகை மரம் என்னும் விளக்கங்கள் பக்கந்தோறும் எதிர்ப்படும். கயல் என்றால் கெண்டை, சேல் என்றாலும் கெண்டை. கெண்டை என்றால் ஒருவகை மீன். மகளிர் கண்ணுக்கு உவமையாகி உவமையாகியே அம்மூன்றும் தம்முள் வேறுபாட்டை இழந்துவிட்டன. உவமைக்கு வடிவமும் பிறழ்ச்சியும் போதும்; எலும்பும் செதிலும் வேண்டுவதில்லை. பழைய உரையாசிரியரை இதற்குக் குறை கூறுதல் தகாது. அவர்கள் காலத்துக் கேட்போர் மீனை அறிந்திருந்தனர். குறை, அறியாத காலத்தில் அதே விளக்கத்தைப் பெயர்த்து எழுதிய நம்முடையது. ஒருவகை மீனைச் சட்டம் காக்க முடியாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் இனத்தின் பெயரைக் கேட்கின்றன. வட்டாரப் பெயருக்கும் அறிவியற் பெயருக்கும் இடையே பாலம் இல்லாதவிடத்து, மீனவர் சொல்லும் சாட்சியம் பதிவாகாமலே போகும்.

தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு சிறு மீன் உண்டு. மீனியல் அறிஞர் ஈ. ஜி. சைலசு 1954-இல் அதனை விவரித்துப் பெயரிட்டார். டாக்கின்சியா தாம்பிரபர்ணியை என்று இப்போது வழங்கும். அவ்வாற்றுப் படுகைக்கே உரிய அது இன்று அழிவாபத்தில் உள்ள இனங்களுள் வைத்து எண்ணப்படுகின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1952-இல், ஆப்பிரிக்க நாட்டுத் திலாப்பியா இந்திய நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பெற்றது. விரைந்து பெருகும் அம்மீன் குளங்களை நிறைத்தது. தமிழ் மக்கள் அதற்குச் சிலேபிக் கெண்டை என்று பெயரிட்டனர். வந்தேறியைக் கெண்டையின் குடும்பத்தில் சேர்த்துக்கொண்ட பெயர் இது. உண்மையில் அது கெண்டை இனமே அன்று. ஆற்றின் பெயர் கொண்ட சொந்த மீனின் பெயரோ நூல்களில் இலத்தீன் வடிவிலேயே பெரிதும் வழங்குகின்றது. எந்த மீன் மக்கள் நாவில் குடியேறுகின்றது, எந்த மீன் வெளியேறுகின்றது என்பதும் சொல்லாய்வுக்கு உரிய பொருளன்றோ?

கடலைப் பற்றிய வழக்குகளை விரிவாக ஆராய இடமில்லை, இரண்டைச் சுட்டுவோம். இழுவைப் படகுகள் கரையை அடுத்த 3 கடல் மைலுக்குள் மீன்பிடித்தலைத் தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. நாட்டுப்படகினர் வாழ்வைக் கருதிய தடை அது. நாகைப் பகுதி இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரையை அடுத்த 500 மீட்டருக்குள் மரபு முறையல்லாத பண்ணைகள் கூடா என்றது. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. மன்றத்தில் பெற்ற வெற்றி மன்றத்தோடு நின்றது. சட்டத்தால் காத்தல் என்பதற்கு உள்ள எல்லையை இவ்வழக்குப்போல் காட்டுவது பிறிதில்லை. தீர்ப்பு ஒரு நாளின் சொல். அதனைப் பின்வருவார் ஏற்றாலன்றி நில்லாது.

பின்வருவார் என்னும் சொல் நம்மைத் தென்காசிக் கோபுரத்துக்கு அழைக்கின்றது. 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்கு வாராத குற்றம் ஒன்று பிற்காலத்தில் வந்தால் அப்போது அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை இப்போதே பணிகின்றேன் என்னும் கருத்துப்படச் செய்யுள் பொறித்தான். ஓர் அரசன் இன்னும் பிறவாதவரை வணங்குகின்றான். இதனைக் காண்பார் மனம் நெகிழும்; உணர்ச்சியின் புதுமையைப் பாராட்டுதலும் இயல்பே. ஆயினும் இக்கருத்து அவன் புதிதாகப் படைத்ததன்று. கல்வெட்டுக்களின் இறுதியில் வரும் ஓம்படைக்கிளவியில் இரு பகுதி உண்டு. அறத்தைக் கெடுப்பான் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் கொள்வான் என்பது ஒன்று. அறத்தைக் காப்பானுடைய திருவடி என் தலைமேல் என்பது மற்றொன்று. பாண்டியன் செய்தது, உரைநடை வாய்பாடாக இருந்த இரண்டாவது பகுதியைச் செய்யுளாக உயர்த்தியதே. முதற் பகுதியாகிய சாபத்தை அவன் அச்செய்யுளில் ஆளவில்லை. அச்சுறுத்தலை விடுத்து வேண்டுகோளை மட்டும் எடுத்துக்கொண்டதில் அவன் புலமை விளங்குகின்றது.

இன்றைய சூழற்சட்டம் தலைமுறைகளுக்கிடையே நீதி என்று ஒரு கொள்கையைப் பேசுகின்றது. பிலிப்பைன்சின் உச்ச நீதிமன்றம் 1993-இல் பிறவாத தலைமுறையின் சார்பிலும் சிறுவர் வழக்காடலாம் என்றது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம், தீங்கு வருமுன் காத்தலும் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்துதலும் நாட்டின் சட்டம் என்று நிலைநாட்டியது. 2024 மார்ச் 21 அன்று கானமயில் பற்றிய வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளினின்று விடுபட்டு வாழும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகளில் அடங்கும் என்றது. அதே ஆண்டு மே 21 அன்று கடற்சட்டப் பன்னாட்டுத் தீர்ப்பாயம், பசுமைக்குடில் வாயுக்கள் கடலை மாசுபடுத்துவனவே என்று கருத்துரைத்தது. 2025 சூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றமும் காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை என்றது. இவற்றோடு தென்காசிச் செய்யுளை ஒப்பிட்டு, பாண்டியன் அன்றே கண்டான் என்று சொல்லிவிடுதல் எளிது. அது பிழை. பாண்டியன் பின்வருவாரிடம் கடமையை வேண்டுகின்றான். இன்றைய கொள்கை பின்வருவார்க்கு உரிமையை வழங்கி, இன்றிருப்பவர் மேல் கடமையை ஏற்றுகின்றது. திசை நேர்மாறானது. அவன் செய்யுளில் கடனாளி வருங்காலத்தவன். தீர்ப்புக்களில் கடனாளி நாம். இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டால் ஒப்பீடு அணியாக மட்டும் நிற்கும். காட்டினால், இருவகைப் பொறுப்பும் வேண்டும் என்பது விளங்கும். 1996-ஆம் ஆண்டு இறால் பண்ணைத் தீர்ப்பு நிலைத்திருக்க வேண்டியது, பின்வந்தோர் ஏற்கும் பாண்டியன் வகைப் பொறுப்பு அன்றோ?

சாரல் என்னும் சொல்லையும் ஈண்டுக் கருதலாம். சங்க நூல்களில் அது மலைச்சரிவு. குற்றாலத்தில் இன்று சாரல் என்றால் தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் மென்தூறல். மலையைக் குறித்த சொல் மலைமேல் விழும் மழைக்கு ஆகிவந்தது. சூன் திங்கள் முதல் அத்தூறலை எதிர்நோக்கி ஓர் ஊரே வாழ்கின்றது. அதே சூன், சூலையில்தான் மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலமும் அமைகின்றது. தூறல் தவறுவதும் பெருவெள்ளம் திடீரென இறங்குவதும் இருவேறு துன்பங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் எதிர்பாராது வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். 2023 டிசம்பரில் தாமிரபரணியின் கடைப்பகுதியை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் மேல் ஏற்றிவிடுதல் அறிவியலாகாது. ஆனால் ஓடைகளை மறித்தும் பேரிகளைத் தூர்த்தும் வைத்திருக்கும் நிலத்தில் எந்த மழையும் பெருந்தீங்காகும் என்பதற்கு அறிவியல் நூல் வேண்டா; மண்ணின் சரிவே சொல்லும்.

இங்கே ஒரு தடை எழக்கூடும். இலக்கியத்தின் பணி உள்ளத்தை இயக்குதல். அதனை நில அளவைப் பதிவேட்டுக்குத் துணையாக்குதல் அதனைச் சிறுமைப்படுத்துதல் அன்றோ என்பர். தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மலைவளப் பாடல் இல்லையேல் குற்றாலத்தைக் காக்க வேண்டும் என்னும் எண்ணமே பலர்க்குத் தோன்றியிராது. வழக்குத் தொடுக்கும் துணிவைக் கவிதை தரலாம். ஆனால் துணிவு தந்த பாட்டையே சான்றாகவும் நீட்டுதல் கூடாது. சான்று, அதே நூலின் அடுத்த பகுதியில், நாம் உரை எழுதாமல் விட்ட பெயர்களில் கிடக்கின்றது. அப்பெயர்களுக்கு நம் பதிப்புக்கள் தரும் குறிப்பு பெரும்பாலும் ஊர்ப்பெயர், வயற்பெயர் என்பதோடு முடிகின்றது. ஒருவகை மீன் என்பதற்கு இது தம்பி.

பாண்டியன் பணிந்து வேண்டிய அக்கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, கல்லாலாகிய அடிப்பகுதியோடு நெடுங்காலம் நின்றது. அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்ட ஆண்டு 1990. அவனுடைய செய்யுளில் அபராதம் ஏதும் குறிக்கப்பெறவில்லை. 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீனுக்கு நஞ்சிட்டவனுக்குக் குறித்த தொகை 200 ரூபாய்.